குளக்கட்டும் அதன் காவலும்

ஐப்பசி மாதத்து முதல் மழைக்குச் சில நாட்களின் முன்னர் மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலப்பரப்பினுள் செல்லும் ஒருவர், உயிலங்குளம், முருங்கன், நானாட்டான் ஆகிய ஊர்களின் பக்கம் காணுங் காட்சி மனத்தைச் சற்றே உலுக்கக் கூடியது. வயல்நிலம் முழுவதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். குளங்களில் அடிநீர் மட்டும் சேற்றோடு சேர்ந்து நிற்கும். அதனைச் சுற்றி நாரைகள் கூடியிருக்கும். ஊரார் வானத்தை நோக்கியிருப்பார்கள். இன்னும் இரண்டு மாதங்களில் இதே குளங்கள் கரைமுட்ட நிறைந்து, அலை எழுந்து கட்டின்மீது மோதும் என்பதை, முன்பின் அறியாத ஒருவர் நம்பவே மாட்டார்.

இவ்வாறு வறண்டு வெடித்த மண்ணின்மீது சில வாரங்களுக்குள் பல அடி உயரமான நீர் ஏறி நிற்பதுதான் மன்னார் மாவட்டத்துக் குளங்களின் தனி இயல்பு. அவற்றின் ஆபத்தும் அங்கேதான் தொடங்குகின்றது. குளத்தில் நீர் இல்லாமற் போவதைப் பற்றி நாம் மிகவும் பேசுகின்றோம். குளத்து நீர் இருக்க வேண்டிய இடத்தில் இராமல் ஓர் இரவில் வெளியேறி விடுவதைப் பற்றி, அப்படி ஒன்று நிகழ்ந்த பின்னரே பேசுகின்றோம். நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே: ஊர்ப்புறத்துச் சிறு குளத்தின் கட்டு எதனால் உடைகின்றது? உடையுமுன் அது நமக்கு எதைக் காட்டுகின்றது?

இந்நிலத்தின் நீர் வரும் வழியை முதலிற் சொல்லிவிடுகின்றேன். மன்னாருக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர். இலங்கையிலே மிகக் குறைந்த மழை பெறும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. அந்த மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள காலத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். தீவிலே ஆறு கிடையாது; பனையும் மணலும் கிணறுமே அதன் செல்வம். நெல் விளைவதெல்லாம் பெருநிலப்பரப்பில், பண்டு மாதோட்டம் என்று பெயர் பெற்ற பகுதியில். அதற்கு உயிர் கொடுப்பது அருவி ஆறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று வழங்கும் இவ்வாறு ரிட்டிகலை மலைப்பக்கம் தோன்றி, அநுராதபுரத்தைத் தொட்டு, 164 கிலோமீற்றர் ஓடி மன்னார்க் கடலிற் கலக்கின்றது. தேக்கம் என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கேயுள்ள கல்லணை நீரைத் திருப்பி வாய்க்கால் வழியே கட்டுக்கரைக் குளத்துக்கு அனுப்புகின்றது. ஆங்கிலேயர் இராட்சதனின் குளம் என்று பெயரிட்டழைத்தது இதனையே. ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேன மன்னன் செய்வித்தது என்பது மரபு. நூற்றாண்டுக் கணக்கில் உடைந்து கிடந்து, குளத்தின் உட்பரப்பிலே குடிகள் அமர்ந்து பயிர் செய்யும் நிலைக்கு வந்து, பிரித்தானியர் ஆட்சியில் மறுபடியும் கட்டப்பட்டது.

கட்டுக்கரையின் நீரில் ஒரு பகுதி நேரே வயலுக்குச் செல்கின்றது. மறுபகுதி நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களை நிரப்பி, அக்குளங்களின் துருசுகள் வழியாக வயலை அடைகின்றது. பெருங்குளத்துக்குப் பொறியியலாளர் உண்டு. மதகுக் காவலர் உண்டு. ஏடுகளிலே நாள்தோறும் நீர்மட்டம் பதியப்படும். சிறு குளத்துக்கு யார் உண்டு? அதனாலேயே இன்று சிறு குளத்தைப் பற்றிப் பேசுகின்றேன்.

குளக்கட்டு என்பது பார்வைக்கு ஒரு மண்திட்டி. ஆயினும் அது சுமக்கும் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் திட்டி என்று சொல்ல நாக் கூசும். ஒரு கன அடி நீரின் எடை ஏறத்தாழ 62 இறாத்தல். கட்டை ஒட்டி 5 அடி ஆழத்துக்கு நீர் நின்றால், கட்டின் ஒவ்வோர் அடி நீளத்தையும் அது ஏறத்தாழ 780 இறாத்தல் விசையோடு தள்ளுகின்றது. 10 அடி நீர் நின்றால் அவ்விசை இரு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி 3120 இறாத்தல் ஆகின்றது. குளம் அகலமானதா குறுகியதா என்பது இக்கணக்கில் வருவதில்லை. பின்னாலே ஒரு மைல் தூரம் நீர் பரந்திருந்தாலென்ன, நூறு முழம் இருந்தாலென்ன, ஆழம் ஒன்றே கட்டை அழுத்துவது. உடைத்துக்கொண்டு புறப்பட்ட பின்னர்தான் பரப்பு தன் வேலையைக் காட்டும்.

இவ்வளவு விசையையும் மண் தாங்குகின்றதே என்றால், அது தன் அகலத்தினாலும் எடையினாலும் தாங்குகின்றது. பண்டைய கட்டுநர் இதை நன்கு அறிந்திருந்தனர். அடியை அகலமாக்கி, இருபுறமும் சரிவாக ஏற்றி, நீர்ப்பக்கத்தில் அலையைத் தாங்கக் கல் அடுக்கினார்கள். துருசுக்கு உள்ளே கல்லாற் கட்டிய சதுரக் கிணறு ஒன்றை அமைத்து, நீரின் வேகத்தை அதனுள் அடக்கி வெளியே விட்டார்கள். இந்தப் பிசோகொட்டுவ என்னும் அமைப்பைப் பற்றி நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வியந்து எழுதியிருக்கின்றார். அணைக்குள்ளே வாயிற்கிணறு வைக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் இலங்கையின் பழங்காலத்தவரே என்பது அவர் முடிவு.

ஆனால் மண் ஒன்றை மட்டும் தாங்காது. தன் ஊடாக நீர் ஓடுவதைத் தாங்காது.

பல ஆண்டுகளுக்கு முன்னர் முருங்கனுக்கு அப்பால் ஒரு சிறு குளத்தின் கட்டில், அவ்வூர் முதியவர் ஒருவரோடு நான் நடந்து சென்றேன். வாலிபத்தில் வட்டவிதானையாக இருந்து ஊருக்கு நீர் பங்கிட்டவர். நான் கட்டின் மேலே நடந்தேன். அவரோ கீழே, வயற்பக்கத்து அடிவாரத்தில், கையிலே ஒரு தடியுடன் நடந்தார். மேலே நல்ல பாதை இருக்கக் கீழே முட்செடிக்குள் ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டேன். "மேலே நடந்தால் தண்ணியைப் பார்க்கலாம் தம்பி. கட்டைப் பார்க்க வேணுமெண்டால் கீழேதான் நடக்க வேணும்" என்றார். ஓரிடத்தில் நின்றார். அங்கே புல் ஏனைய இடத்தைவிடப் பச்சையாக இருந்தது. தடியை ஊன்றினார், மண் மெத்தென்று இறங்கிற்று. ஒரு விரலளவு நீர் கசிந்துகொண்டிருந்தது. எனக்குத் திகிலாயிருந்தது. அவர் குனிந்து உள்ளங்கையில் அதை ஏந்திப் பார்த்துவிட்டு, "கண்ணாடி போல வருது. இப்படி வந்தால் நித்திரை கொள்ளலாம். பால்த் தேத்தண்ணி போல வந்தால் ஊரை எழுப்ப வேணும்" என்றார்.

பொறியியற் கல்லூரியில் மண்ணியல் படிப்போர் பல பக்கங்களிலே கற்பதை அவர் தேநீரிலே அடக்கிவிட்டார். எல்லா மண்கட்டும் கசியும். கசியாத கட்டு உலகில் இல்லை. கசிவு தெளிந்திருக்குமட்டும் நீர் மட்டுமே வெளியே வருகின்றது. கலங்கி வருமாயின் அதனுடன் கட்டின் மண்ணும் வருகின்றது. வெளிவாயிலே தொடங்கும் அரிப்பு, மண்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, உள்நோக்கிக் குடைந்து, குளத்தின் பக்கமாக வளர்ந்து செல்லும். துவாரம் நீள நீள வழி குறுகுகின்றது. வழி குறுகக் குறுக நீரின் வேகம் ஏறுகின்றது. வேகம் ஏற மண் மேலும் விரைந்து கரைகின்றது. ஆகவேதான் பல நாட்கள் விரலளவாயிருந்த கசிவு, கடைசியிற் சில மணி நேரத்துக்குள் ஒரு லொறி நுழையுமளவு வாயாகத் திறந்துவிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் கட்டிய தீற்றன் அணை, முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தபோது, 1976ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் உடைந்தது. முந்திய நாட்களில் அதன் கீழ்ப்புறத்திலே தெளிந்த ஊற்றுகள் காணப்பட்டன. அன்று காலையில் கலங்கிய நீர் வந்தது. நண்பகலுக்கு முன்னரே முந்நூறு அடி உயரமான அணை வாய் பிளந்தது. நவீன இயந்திரங்களால் இறுக்கப்பட்ட அணை அது.

முருங்கன் மண்ணுக்கு இவ்விடயத்தில் ஒரு தனி வினை உண்டு. முருங்கன், துணுக்காய்ப் பகுதிகளில் உள்ளது கருமை சார்ந்த கனத்த களிமண். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அதற்குக் களிமண் முருங்கனிலிருந்தே சென்றது என்பது நேயர்களிற் பலர் அறிந்ததே. அக்களி நீரை உறிஞ்சி வீங்குவது. உலர்ந்தால் சுருங்கி வெடிப்பது. ஈரமாயிருக்கும்போது நீரை உள்ளே விடாது. குளம் கட்ட இதனினும் நல்ல மண் வேண்டுமோ என்று தோன்றும். ஆனால் ஆவணியிலும் புரட்டாதியிலும் அதே மண்ணிலே மனிதன் கை நுழையும் வெடிப்புகள் விழுகின்றன. முழங்கால் ஆழம், சில இடங்களில் இடுப்பளவு ஆழம் வரை அவை இறங்கும். வயலில் விழும் வெடிப்பு கமக்காரனுக்கு நட்பு. மண்ணைத் தானே உழுதுவிடும். கட்டின் குறுக்கே விழும் வெடிப்போ குளத்தையும் வயலையும் இணைக்கும் இரகசிய வாய்க்கால்.

மழை மெதுவாகத் தொடங்கிக் குளமும் மெதுவாக நிறைந்தால், களி ஈரத்தைக் குடித்து வீங்கி வெடிப்பைத் தானே மூடிக்கொள்ளும். ஒரே இரவில் மேல்நிலத்திலிருந்து வெள்ளம் வந்து குளத்தை நிரப்பினால் மூடிக்கொள்ள அவகாசமில்லை. நீர் வெடிப்பினுள் பாய்ந்து, வீங்குமுன் அரிக்கத் தொடங்கிவிடும். அருவி ஆற்றின் மழை அநுராதபுரத்துப் பக்கம் பெய்வது. மன்னாரில் வெயில் எறிக்கும்போதே வெள்ளம் வந்துவிடக் கூடும். 1957ஆம் ஆண்டு மார்கழிப் பெருவெள்ளத்தில் அவ்வாற்றின் மேற்பகுதியில் உள்ள நாச்சதூவக் குளமே உடைப்பெடுத்தது. ஆகவே இப்பகுதிக் கட்டுக்கு ஆண்டிலே மிக ஆபத்தான வேளை, நீர் மிக உயர்ந்து நிற்கும் தை மாதமன்று. முதல் நீர் ஏறும் கார்த்திகை என்பதே என் எண்ணம்.

இதற்குப் பரிகாரம் செய்கிறோமென்று வெடிப்புக்குள் ஆற்றுமணலைக் கொட்டி நிரப்புவோர் உண்டு. அது புண்ணுக்குள் பஞ்சு வைத்துத் தைப்பதை ஒக்கும். மணல் வழியே நீர் இன்னும் எளிதாக ஓடும். வெடிப்புள்ள இடத்தை வெட்டித் திறந்து, கட்டிகளை உடைத்து, அளவாக நீர் தெளித்து, அரையடி அரையடியாக அதே களியை இட்டு இடித்து இறுக்க வேண்டும். உச்சியில் ஒரு படை கிரவல் பரப்பிவிட்டால் வெயில் நேரே களியிற் படாது, ஈரம் காக்கப்படும். சரிவிலே அறுகம்புல் படரட்டும்.

புல் படரலாம், மரம் கூடாது. இதைச் சொல்லும்போது மருதமர நிழலில் வளர்ந்தவர்கள் முகஞ் சுளிப்பார்கள் என்பது தெரியும். குளத்தின் அலைகரையில் நிற்கும் மருது ஊருக்கு அழகு; கட்டின் உடம்பிலே நிற்கும் மரம் வேறு கதை. அது உயிரோடிருக்கும்போது காற்றில் அசைந்து மண்ணைத் தளர்த்தும். செத்த பின்னர் வேர் உக்கி, வேர் இருந்த வழியெல்லாம் துவாரமாகும். மரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விடுவது அதனினும் கேடு. கறையான் புற்று, எலிவளை, உடும்பு குடியிருக்கும் பொந்து, முள்ளம்பன்றி தோண்டிய குழி ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. புற்றை மேலே தட்டி மட்டமாக்கிவிட்டுப் போவது பயனற்ற வேலை. அடியிலே பானையளவு அறைகள் இருக்கும். அவற்றைத் தேடித் தோண்டி நிரப்ப வேண்டும்.

மன்னாரில் இவ்விடயம் ஏட்டுப் பேச்சன்று. 1990ஆம் ஆண்டு தொடங்கி 2009 வரை போர் ஓயும்வரைக்கும் மாந்தை மேற்கு, முசலி முதலிய பகுதிகளில் ஊர் ஊராக மக்கள் இடம்பெயர்ந்து போயினர். ஆள் இல்லாத ஊரிலே குளக்கட்டு என்ன செய்யும்? காடு ஏறும். மனிதன் நடவாத கட்டிலே விலங்கு நடக்கும். இருபது ஆண்டு வளர்ந்த மரத்தின் வேர் கட்டின் வயிறு மட்டும் போயிருக்கும். மீண்டு வந்தவர்கள் காட்டை வெட்டினார்கள். கட்டுகள் பல திருத்தப்பட்டன. எனினும் கண்ணுக்குத் தெரியும் காட்டை வெட்டுவது போல, மண்ணுக்குள்ளே கிடக்கும் வேரின் நினைவை வெட்டிவிட முடியாது. அத்தகைய கட்டுகளிலே பல ஆண்டுகளுக்கு ஒரு கண் இருக்க வேண்டும். அவர்களோடு இன்னொன்றும் திரும்பி வரவில்லை. எந்த இடத்திலே எப்போது கசிந்தது, எங்கே முன்னொரு காலத்தில் உடைத்து அடைத்தது என்ற செய்தி, முதியவர்களோடு அகதி முகாம்களிலே மறைந்து போயிற்று. பழைய உடைப்பு அடைத்த இடம் கட்டின் மிக மெலிந்த இடம். அதனைக் காட்டித் தருவார் இல்லாத ஊர்கள் இன்று உண்டு.

துருசைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கல்துருசு பழுதானதும், கட்டை ஒரு நாளில் வெட்டி, சீமெந்துக் குழாய் ஒன்றை வைத்து, மறுநாள் மண் தள்ளி மூடிவிடுவது இலகுவாய்ப் போயிற்று. குழாய் நல்லதே, அதன் வெளிப்புறத்தை ஒட்டிய மண்தான் இறுகுவதில்லை. குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே இடிகட்டை புகாது. நீர் குழாயினுள் ஓடுவதற்குப் பதிலாகக் குழாயை ஒட்டி ஓடத் தொடங்கும். ஆகவே கீழே நடந்து பார்ப்பவர் முதலிலே நிற்க வேண்டிய இடம் துருசின் வெளிவாய். கதவை மூடியிருக்கும்போதும் குழாயின் பக்கத்தால் நீர் வருகின்றதா என்பதே கேள்வி.

கட்டின்மேல் வண்டி ஓட்டுவதைக் குறித்துக் கந்தளாய் நமக்குச் சொன்னது போதும். குளக்கோட்டன் கட்டியதென்று தமிழ் மரபும், அக்கபோதி மன்னன் கட்டியதென்று சிங்கள வரலாறும் உரிமை பாராட்டும் அப்பெருங்குளம், 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையில், ஊர் உறங்கும் நேரத்தில் உடைந்தது. 120க்கு மேற்பட்டோர் மாண்டனர். அது மாரிகாலமன்று, சித்திரை. கட்டின்மீது மிகக் கனத்த வாகனங்கள் சென்றமை ஒரு காரணமாக எடுத்துச் சொல்லப்பட்டது. வெள்ளமே கட்டை உடைக்கும் என்று எண்ணுவோர் இதனை மறத்தலாகாது. நம் சிறு கட்டுகளின்மேல் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களும் மணல் லொறிகளும் அறுவடைக் காலத்திலே போகின்றன. சக்கரத் தடம் பள்ளமாகி, அப்பள்ளத்தில் மழைநீர் தேங்கி, உச்சி தாழ்கின்றது. உச்சி தாழ்ந்த இடத்தால்தான் வெள்ளம் வழியும். வயற்பக்கச் சரிவில் வழிந்து இறங்கும் நீருக்கு மண்கட்டு அரை நாள்கூடத் தாக்குப் பிடியாது.

வழிவதைத் தடுக்க வைத்ததே வான். இந்தியத் தமிழர் கலிங்கு என்பார்கள். நம்மவர் குளம் வான் பாய்கின்றது என்று சொல்லி, அன்று ஊரே திரண்டு பார்க்கப் போவார்கள். வானின் மட்டத்துக்கும் கட்டின் உச்சிக்குமிடையே இரண்டடி மூன்றடி உயரம் சும்மா விடப்பட்டிருக்கும். அது வீணாக விட்ட இடம் அன்று. வெள்ளம் வரும்போது நீர் ஏறி நின்று வான் வழியே பாயவும், காற்றடித்தால் அலை எழவும் உள்ள இடம். இவ்விடத்திலேதான் ஊருக்குள் சண்டை வருகின்றது.

மார்கழிக் கடைசி. மழை ஓயும் அறிகுறி. வான் மெல்லப் பாய்ந்துகொண்டிருக்கின்றது. கண்முன்னே நீர் வீணே போகின்றதே என்று கமக்காரனுக்கு வயிறு எரிகின்றது. மண்மூட்டை இரண்டு வரிசை அடுக்கினால் ஓரடி நீர் கூட நிற்கும். அந்த ஓரடி, சிறுபோகத்தில் இன்னும் சில ஏக்கர் நிலம். அவன் பேராசைக்காரன் அல்லன். ஆண்டு முழுவதும் நீருக்கு ஏங்கியவன். அவன் கணக்கைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆயினும் மறுபக்கக் கணக்கையும் அவன் முன்னே வைக்க வேண்டும். 10 அடி நீர் 11 அடியானால் கட்டின்மேல் விசை 3120 இறாத்தலிலிருந்து ஏறத்தாழ 3775 ஆகின்றது. ஐந்திலொரு பங்கு கூடுகின்றது. அதைவிடப் பெரிய இழப்பு வானிலே நேர்கின்றது. வானின்மேல் நீர் 2 அடி உயரத்துக்குப் பாயக்கூடிய இடத்தில் மூட்டை ஓரடியை அடைத்துக்கொண்டால், மிஞ்சிய ஓரடியில் பாயக்கூடியது முன்பு பாய்ந்ததன் பாதியன்று. மூன்றிலொரு பங்கைச் சற்றே மிஞ்சும், அவ்வளவே. தை மாதத்தில் ஒரு தாழமுக்கம் திரும்பி வந்துவிட்டால் மூட்டையை அகற்ற நள்ளிரவில் யார் போவது? பாயும் வானில் இறங்குவது உயிருக்கு உலை.

வானில் மூட்டை மட்டுமா? மீனுக்காக வலையும் தட்டியும் கட்டுவார்கள். குப்பையும் தழையும் வந்து அதில் அடையும். இது அற்பக் காரியம் என்று எண்ண வேண்டாம். பென்சில்வேனியாவில் ஜோன்ஸ்ரவுண் நகருக்கு மேலே இருந்த ஒரு மண்ணணையைச் செல்வர்கள் சிலர் தம் பொழுதுபோக்குக்காக வைத்திருந்தனர். வண்டிகள் எதிரெதிரே போக உச்சியைச் சற்றுத் தாழ்த்தினார்கள். மீன் வெளியேறாதிருக்கக் கலிங்கிலே கம்பிவலை அமைத்தார்கள். அடியிலிருந்த வடிகுழாய்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தன. 1889ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பெருமழையில் அணை வழிந்து உடைந்தது. 2209 பேர் உயிரிழந்தனர். தாழ்ந்த உச்சி, அடைத்த வான், வேலை செய்யாத துருசு ஆகிய இம்மூன்றையும் ஒரே கட்டிலே நம் நாட்டிலும் காணலாம்.

சிறு குளம் உடைந்தால் சிறு சேதம்தானே என்பார் உளர். நம் குளங்கள் தனித்து நிற்பவை அல்ல. ஒன்றன் வான் நீர் அடுத்ததன் அலைகரையிற் போய்ச் சேரும்படி, படிப்படியாகக் கோத்த மாலை போன்றவை. மேற்குளம் உடைந்தால் அதன் நீர் முழுவதும் ஒரு மணி நேரத்துள் கீழ்க்குளத்தின்மேல் வந்து விழும். அந்த வேகத்தைத் தாங்குமளவுக்கு எந்தச் சிறு குளத்தின் வானும் அமைக்கப்பட்டதில்லை. மேற்குளத்தார் தம் கட்டிலே செய்யும் குற்றத்துக்குக் கீழ்க்குளத்தார் வயலை இழப்பர்.

சட்டத்திலே பொறுப்பு எழுதப்பட்டிருக்கின்றது. பண்டு இராசகாரியம் என்று ஊரார் உழைத்துக் கட்டைக் காத்தனர். 1832இல் அது நீக்கப்பட்டது. கட்டாய உழைப்பு ஒழிந்தது நன்று. அதனோடு கட்டைப் பேணும் வழக்கமும் தளர்ந்தது. பின்னர் 1856ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் வழக்கை மீட்க முயன்றது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்க் கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. 80 ஹெக்ரயர், அதாவது 200 ஏக்கர் வரை பாயும் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சார்ந்தது. அதற்கு மேற்பட்டது நீர்ப்பாசனத் திணைக்களங்களைச் சார்ந்தது. இவ்வளவும் இருக்க, நடுநிசியில் கட்டின் அடிவாரத்தில் நடப்பதற்கு எச்சட்டமும் ஆள் அனுப்புவதில்லை. காலபோகக் கூட்டத்திலே விதைக்கும் நாளையும் நீர் திறக்கும் நாளையும் தீர்மானிக்கின்றோம். முதல் நீர் ஏறும் வாரத்தில் கட்டு பார்ப்பவர் இன்னார் என்று ஒரு வரி அதே கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டுமென்பது என் வேண்டுகோள்.

கலங்கிய கசிவைக் கண்டால் செய்ய வேண்டியது யாது? பெரும்பாலோர் உடனே களிமண்ணை வாரி அந்த வாயை அடைக்க முனைவார்கள். அது தவறு. உள்ளே அழுத்தம் அப்படியே இருக்க, அடைத்த நீர் வேறோரிடத்தில், இன்னும் வலுவோடு வெளிப்படும். நீரை விட வேண்டும், மண்ணை விடலாகாது. முதலிற் பருமணல், அதன்மேற் சல்லி, அதன்மேற் கல் என்று கசிவாயின்மேல் படைபடையாக இட்டால், நீர் வடிந்து வரும், மண் தங்கும். சுற்றிலும் மண்மூட்டையால் வளையங் கட்டி உள்ளே நீரைச் சற்று ஏறி நிற்க விட்டால் அரிப்பின் வேகமும் தணியும். மறுபுறத்தில் துருசைத் திறந்து குளத்தின் மட்டத்தைத் தாழ்த்த வேண்டும். ஒரேயடியாக அன்று, படிப்படியாக. நீர் திடீரென இறங்கினால், ஊறிக் கனத்திருக்கும் உட்சரிவு தாங்கலின்றிச் சரிந்துவிடும். கீழ்க்குளத்து ஊருக்கு ஆள் அனுப்புவது இவையெல்லாவற்றுக்கும் முந்தியது.

நான் சொன்ன அம்முதியவர் ஓர் இரவைப் பற்றிக் கூறினார். மார்கழி மாதம், வாடைக்காற்று, கும்மிருட்டு. துருசுக்கு இருபது அடி தள்ளிக் கசிவு தேத்தண்ணி நிறத்தில் வந்ததை அவர்தாம் கண்டார். கோவில் மணியை அடித்து ஊரை எழுப்பினார்கள். ஓர் இளைஞன் சைக்கிளில் கீழ்க்குளத்து ஊருக்குப் போனான். வீடு கட்டுவதற்கென்று ஒருவர் முற்றத்தில் குவித்திருந்த மணலும் சல்லியும் பெட்டி பெட்டியாகத் தலைச்சுமையில் கட்டுக்கு வந்தன. பெண்களே பெரும்பகுதியைச் சுமந்தார்களாம். துருசை ஓர் அங்குலம் தூக்கி, ஒரு நாழிகை பொறுத்து, மேலும் ஓர் அங்குலம் தூக்கினார்கள். அரிக்கன் விளக்கை வாயருகே பிடித்துக்கொண்டு அவர் விடியும்வரை நீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சேவல் கூவும் வேளையில் நீர் தெளியத் தொடங்கிற்று. கசிவு நிற்கவில்லை, அறுவடை முடியுமட்டும் அது கசிந்துகொண்டே இருந்தது. ஆவணியிலே குளம் வற்றிய பின்னர் அவ்விடத்தை வெட்டிப் பார்த்தார்களாம். கட்டின் நடுவிலே, பல்லாண்டுக்கு முன் தறித்த ஒரு மரத்தின் வேர் இருந்த துவாரம், முழங்கை நுழையுமளவு, குளத்தின் பக்கமாக இன்னும் நாலு முழந்தான் மிச்சம் வைத்துக்கொண்டு நின்றது.